விசுவலிங்கம் ஐயா குடித்த பால்

கருப்பாயிக்கு ஐம்பத்து மூன்று வயதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை. வீட்டுக்கு வந்ததெல்லாம் தண்ணீர் பில்லும் மின்சார பில்லும்தான். அவையும் ஆறு வருடம் முன்னால் செத்துப்போன கணவன் மனோகரன் பெயருக்கே இன்னும் வந்துகொண்டிருந்தன. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, நான்காவது மாடி வார்டில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தவளிடம் மனிதவளப் பிரிவிலிருந்து ஒருத்தி வந்து உறையை நீட்டிக் கையெழுத்து வாங்கியபோது, சம்பள உயர்வாக இருக்குமோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டுவிட்டாள். பன்னிரண்டு வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் துடைத்து, புரட்டி, துணி மாற்றி, முதுகு ஒடிய உழைத்தவள் ஆசைப்படக் கூடாதா என்ன?

கடிதம் ஒரே பக்கம். ஆங்கிலம். கருப்பாயிக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலத்தில் வார்டுக்கு வேண்டியது மட்டும் தெரியும்: பிபி, டிரிப், டயப்பர், டிஸ்சார்ஜ். கடிதத்தில் அவள் பெயர் இருந்தது. 412 என்ற அறை எண் இருந்தது. வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி என்று இருந்தது. நடுவில் ஒரு நீளமான வார்த்தை மூன்று இடத்தில் வந்தது. அறை எண்ணைப் பார்த்ததுமே இது சம்பள உயர்வு இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்த அறையில் என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியாதா?

படம் எடுத்து மகள் ஷர்மினிக்கு அனுப்பினாள். ஷர்மினி தினமும் ஜொகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் ஒரு கிளினிக்கில் முன்மேசையில் உட்காருகிறவள். மதிய இடைவேளையில் கூப்பிட்டாள்.

“அம்மா, என்னம்மா செஞ்ச? டொமெஸ்டிக் இன்குவரின்னு விசாரணை வச்சிருக்காங்க. இன்அப்ரோப்ரியட் பிஹேவியர்னு போட்டிருக்கு.”

“அந்த நீள வார்த்தைதான் எனக்கு வேணும். தப்பு செஞ்சிட்டேன்னு அர்த்தமா?”

“தப்புன்னு இல்லம்மா. எப்படிச் சொல்றது... இடத்துக்கு ஒத்து வராததுன்னு வச்சுக்க. கல்யாணத்துக்கு சிலிப்பர் மாட்டிட்டுப் போனா இன்அப்ரோப்ரியட். சாவு வீட்டுல சிரிச்சா இன்அப்ரோப்ரியட். இங்க ஒரு டாக்டர் நர்சோட இடுப்புல கை வச்சாரு. அதுக்கும் லெட்டர்ல இதையேதான் போட்டாங்க.”

“அலமாக்! சிலிப்பருக்கும் இடுப்புக்கும் ஒரே வார்த்தையா?”

“அதுக்குத்தாம்மா அந்த வார்த்தையே. என்ன செஞ்சாங்கன்னு சொல்லாமலே சொல்லிடலாம்.”

கருப்பாயி போனை வைத்துவிட்டு விரிப்பின் மூலையை மெத்தைக்கு அடியில் செருகினாள். என்ன செய்தாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை முழுதாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இல்லை என்றும் நினைத்திருந்தாள்.

பதினொரு நாளுக்கு முன் நடந்தது அது. 412-இல் இருந்தவர் விசுவலிங்கம். எண்பத்தெட்டு வயது. லாபிஸ் ரயில் நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற சிலோன்காரர். தொண்டையில் புற்று. எதை விழுங்கினாலும் நுரையீரலுக்குள் போய்விடும் என்று, வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்ற அட்டையைக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி அன்னபாக்கியம், எண்பத்து மூன்று வயது, காலையில் வந்தால் மாலைதான் போவார். கருப்பாயியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “பிள்ளை” என்றுதான் கூப்பிடுவார். “பிள்ளை, இவருக்குக் கால் குளிருது.” “பிள்ளை, தலகாணியைக் கொஞ்சம் உயர்த்தன்.” அம்மா செத்து இருபது வருடம் ஆன கருப்பாயிக்கு அந்தக் கூப்பிடுதல் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது கொஞ்சம். அதற்காகவே 412-க்குள் ஒரு தடவை அதிகமாக எட்டிப் பார்ப்பாள்.

அன்று வெள்ளிக்கிழமை, நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள். இன்றோ நாளையோ என்று டாக்டர் மதியம் சொல்லிவிட்டார். ஒரே மகன் விஜயேந்திரன் சிங்கப்பூரில் ஒரு வங்கியில் அதிகாரி. தகவல் போனதும் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். ஆனால் அந்த நாளில் பாலம் தாண்டுவது என்றால் ஜொகூர் பாருக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சிங்கப்பூர்க் கரையிலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. இன்னும் உட்லண்ட்ஸ். இன்னும் உட்லண்ட்ஸ். இப்போது பாலத்தின் மேல்.

அன்னபாக்கியம் காலையிலேயே ஒரு சின்ன பிளாஸ்க்கில் பாலும், கைக்குட்டையில் முடிந்த ஒரு வெள்ளிக் கரண்டியும் கொண்டுவந்திருந்தார். உயிர் போகிற நேரத்தில் வாயில் பால் விடுவது நம்மில் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். கருப்பாயி வளர்ந்த பாலோ எஸ்டேட்டில் பால் ஊத்துறது என்பார்கள், இந்தச் சிலோன்காரர்கள் பால் பருக்குறது என்பார்கள். பெற்ற பிள்ளை கையால் போனால் நல்லது. “தம்பி வந்து பருக்கட்டும்” என்று அவர் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி என்றது மகனை.

மூன்றரை மணிக்குக் கிழவருக்குச் சேடம் இழுக்க ஆரம்பித்தது. தொண்டைக்குள் சளி அடைத்து மூச்சு கரகரவென்று வந்து, நின்று, யோசித்து, மறுபடி வந்தது. அன்னபாக்கியம் எழுந்து பிளாஸ்க் மூடியில் பாலை ஊற்றினார். கை ஆடிய ஆட்டத்தில் பாதி விரிப்பில் கொட்டியது. கரண்டியை நீட்டினார்.

“பிள்ளை, என்ர கை நடுங்குது. நீ பருக்கிவிடு. தம்பி வரமுதல் இவர் போயிடுவார்.”

கருப்பாயி தலைமாட்டு அட்டையைப் பார்த்தாள். அழைப்பு மணியை அழுத்தினாள். நர்ஸ் வரவில்லை, வேறு ஒரு அறையில் அவசரம். கிழவியின் முகத்தைப் பார்த்தாள். கரண்டியை வாங்கிக் குனிந்தாள். குனிந்த அந்த நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பன்னிரண்டு வருடத்தில் எத்தனை பேரைக் கழுவித் துடைத்து வழியனுப்பியிருக்கிறாள். தாடை தளர்கிற விதம் தெரியும், கண்ணின் ஓரம் தெரியும். மூக்கின் கீழே புறங்கையை வைத்தாள். ஒன்றும் இல்லை. பின்னால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கிழவி கேட்டார்: “குடிக்கிறாரோ?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கணவன் மனோகரன் ஆயர் ஹீத்தாம் பக்கம் நெடுஞ்சாலையில் அடிபட்டு விழுந்து கிடந்தபோது அவன் வாயில் யார் பால் விட்டார்கள்? அந்த நினைப்பு வந்ததோ என்னவோ, கருப்பாயி கரண்டியைச் சாய்த்தாள். பால் உள்ளே போய் அப்படியே நின்றது. பிறகு வாயோரம் வழிந்தது. பெருவிரலால் துடைத்துவிட்டு, “குடிச்சிட்டாரும்மா” என்றாள். கிழவி கண்ணை மூடிக்கொண்டு, “போதும்” என்றார்.

மகன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அம்மா கருப்பாயியைக் காட்டி, “இந்தப் பிள்ளைதான் பருக்கினது” என்றார். மகன் கரண்டியைப் பார்த்தார், கருப்பாயியைப் பார்த்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையெல்லாம் சேர்த்துவைத்து இப்போது எழுதி அனுப்பிவிட்டார் போலிருக்கிறது.

புதன்கிழமை மனிதவள அதிகாரி ரூபினி கூப்பிட்டு அனுப்பினாள். ஷர்மினியைவிட நாலைந்து வயது மூத்தவள், நல்ல பெண். கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கருப்பாயியின் முன் வைத்தாள். கடிதத்தின் தமிழ் வடிவம் ஒன்றையும் தயார் செய்திருந்தாள். தகாத நடத்தை என்று அதில் இருந்தது. கருப்பாயி படித்துவிட்டுக் கடிதத்தைக் கவிழ்த்துப் போட்டாள்.

“ஏம்மா, எங்க பாலோ எஸ்டேட்டுல இந்த வார்த்தைய ஒரே ஒருத்திக்குத்தான் சொன்னாங்க. அவ எஸ்டேட்டுல கணக்கெழுதுற, கல்யாணமான கிராணியோட லாபிஸுக்கு ஓடிப்போனா. நான் யாரோட ஓடினேன்?”

ரூபினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சாரி ஆன்ட்டி. இங்கிலீஷ்ல அது அவ்வளவு கனமான வார்த்தை இல்ல. தமிழ்ல போட்டா இப்படி ஆயிடுது. விடுங்க, கிழிச்சிடறேன்.” கிழித்தும் விட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுப் பதில் சொல்லுங்க. பால் குடுக்கும்போது அந்தத் தாத்தாவுக்கு மூச்சு இருந்துச்சா?”

“ஏன் கேக்குற?”

“எல்லாம் அதுலதான் இருக்கு ஆன்ட்டி. இருந்துச்சுன்னா, டாக்டர் ஆர்டரை மீறி வாயில குடுத்தீங்கன்னு ஆயிடும். வேலை போயிடும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது. போனப்புறம் வாயில வச்சீங்கன்னா அது வேற. செத்தவங்களுக்கு ஏது ஆர்டர்? அப்ப வெறும் இன்அப்ரோப்ரியட்தான். ஸ்டாஃப் செய்யற வேலை இல்ல, செஞ்சிட்டீங்க, அவ்வளவுதான். ஒரு வார்னிங் லெட்டர் குடுத்துட்டு முடிச்சிடுவோம்.”

ரூபினி நீட்டியது குடை. அதன் கீழே போய் நின்றுகொண்டால் மழை படாது. உண்மையும்கூட அதுதான். உண்மையைச் சொன்னால் வேலை தங்கும் என்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

“போனப்புறம்தான் வச்சேன்” என்றாள்.

ரூபினி பெருமூச்சு விட்டாள். “அப்பாடா. அதை வெள்ளிக்கிழமை பேனல் முன்னாடி சொல்லிடுங்க. போதும்.”

“அந்த அம்மா வருவாங்களா?”

“அவங்க எதுக்கு வரப்போறாங்க? மகன்தான் வருவாரு.”

மகன் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்று கருப்பாயி நினைத்தாள். பால் விட்ட கைக்கு நன்றி சொல்லாமல் புகார் எழுதியவர், அவருக்காக இவள் எதற்கு உருக வேண்டும்? இவள் பொய் சொன்னது கிழவிக்காக. அந்த மகன் அம்மாவிடம் போய்ச் சொல்லுவாரோ என்று ஒரு முள் குத்தியது. எந்த மகன் அதைப் போய்ச் சொல்லுவான் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் உருட்டிக்கொண்டே வேலை செய்தாள். மலாயில் சொல்லிப் பார்த்தாள், தமிழில் சொல்லிப் பார்த்தாள். பயம் போகவில்லை. வேலை போனால் என்ன ஆகும் என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த ஊர் ஆஸ்பத்திரிகளின் மேட்ரன்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். இங்கே விரட்டியவளை அங்கே சேர்க்க மாட்டார்கள். தொழிற்சாலையில் நாற்பத்தைந்தைத் தாண்டினால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். மிஞ்சுவது கடைத்தொகுதியில் கழிவறை கழுவுவது. அதைக்கூடச் செய்வாள். ஆனால் அங்கே யாரும் கை நீட்டிக் கூப்பிட மாட்டார்கள். இங்கே, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுப் புரட்டிப் படுக்கவைத்தால், சீனக் கிழவர்கள்கூட அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போவார்கள். இந்த வேலை அவளுக்குப் பிடித்த வேலை. அதுதான் விஷயம், அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் ஷர்மினியிடம் சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசினாள்.

“அந்த வார்த்தைக்கே கையெழுத்துப் போட்டுட்டு வாம்மா” என்றாள் ஷர்மினி. “சின்ன வார்த்தைதானே.”

“ஆமா, போட்டுட்டு வந்திடறேன்.”

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே தரைத்தளத்து அறைக்குப் போய்விட்டாள். நீள மேசை. குளிர்சாதனத்தை ஏன்தான் இப்படி வைக்கிறார்களோ, பல் கிட்டியது. நடுவில் மேட்ரன், மலாய்க்காரி, கண்டிப்பானவர், ஆனால் நியாயம் தெரிந்தவர். பக்கத்தில் வேறு பிரிவின் மேலாளர் ஒருவர். ஓரத்தில் எழுதிக்கொள்ள ரூபினி. எதிர்ப்பக்கம் விஜயேந்திரன், மழிக்காத தாடியோடு, சட்டை கழுத்தில் தொளதொளத்து நின்றது. அவருக்குப் பக்கத்தில் ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு அன்னபாக்கியம்.

கருப்பாயி வாசலிலேயே நின்றுவிட்டாள். ரூபினி எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போடுகிற சாக்கில் காதருகே சொன்னாள்: “வருவாங்கன்னு எனக்குத் தெரியாது ஆன்ட்டி. நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லிடுங்க. பாத்துக்கலாம்.” எதைப் பார்த்துக்கொள்வது? கிழவி கருப்பாயியைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். தெரிந்தவர்களுக்கு ஆட்டுகிற ஆட்டம். பிறகு ஊன்றுகோலைப் பார்க்க ஆரம்பித்தார்.

விஜயேந்திரனின் புகாரை ரூபினி ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னாள். நான்கே வரி. ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் என் தந்தையின் கடைசி நேரத்தில் முறையில்லாமல் நடந்துகொண்டார். அந்த வார்த்தைக்கு இன்றைக்கு இப்படி ஒரு தமிழ் கண்டுபிடித்திருந்தாள் பாவம். பால் என்றோ கரண்டி என்றோ அந்த நான்கு வரியில் எங்கும் இல்லை. அதை விசாரித்துக் கண்டுபிடித்தது ஆஸ்பத்திரிதான்.

மேட்ரன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அக்கா என்று மரியாதை வைத்தே மலாயில் கேட்டார்: “காக் கருப்பாயி, ஒரே ஒரு கேள்வி. நீங்கள் பால் கொடுத்தபோது நோயாளிக்கு மூச்சு இருந்ததா, இல்லையா?”

இரண்டு நாளாக உருட்டிய வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. லாபிஸில் ஐம்பது வருடம் இருந்த கிழவிக்கு மலாய் புரியாதா? புரியும். கருப்பாயி வாயைத் திறப்பதற்குள் விஜயேந்திரன் கையை உயர்த்தினார். “எக்ஸ்கியூஸ் மீ” என்று மேட்ரனிடம் அனுமதி கேட்டுவிட்டு, கருப்பாயியைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

“நான் இன்அப்ரோப்ரியட் எண்டு எழுதினன். ஏன் எழுதினன் எண்டு எனக்கே இப்ப வடிவா விளங்கேல்ல. வேற சொல்லுக் கிடைக்கேல்ல. அந்தக் கரண்டி என்ர கையில இருந்திருக்கவேணும். ரெண்டு மணித்தியாலம் பாலத்தில நிண்டனான். இறங்கி ஓடுவமோ எண்டுகூட யோசிச்சனான். காரை விட்டிட்டு எப்பிடி ஓடுறது? ஓடியிருக்கவேணும்.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “உங்களில கோவிச்சு என்ன பிரயோசனம்? எனக்கு ஒண்டு மட்டும் தெரியவேணும். நீங்கதான் கிட்ட நிண்டனீங்க. அப்பா அதைக் குடிச்சவரோ?”

மேட்ரனுக்குத் தமிழ் தெரியாது. ரூபினியைப் பார்த்தார். ரூபினி மொழிபெயர்க்காமல் கருப்பாயியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிடுங்க ஆன்ட்டி என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

கருப்பாயிக்கு அந்த ஆள் மீது வந்த கோபம் பாதி வழியிலேயே நின்றுபோனது. இவரைப் புகார் எழுதிய சார் என்று நினைத்துக்கொண்டு வந்தாள். எதிரே இருந்தது பதினொரு, இல்லை, பதினான்கு நாளாகப் பாலத்திலிருந்து இறங்காத ஒரு ஆள். பக்கத்தில் கிழவி தலையைத் தூக்கவில்லை. ஊன்றுகோலைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. குடிக்கவில்லை சார், குனிகிறதுக்குள்ளே போய்விட்டார், அம்மாவிடம் நான் சொன்னது பொய். இதைச் சொன்னால் திங்கள்கிழமை வெள்ளைச் சப்பாத்து மாட்டிக்கொண்டு நான்காவது மாடிக்குப் போகலாம். எட்டே வார்த்தையில் முடிகிற காரியம். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. கடவுளேகூடச் சொல்ல முடியாது.

“குடிச்சாரு சார்” என்றாள்.

“எத்தினை கரண்டி?”

“மூணு. ரெண்டு உள்ள போச்சு. மூணாவதுல கொஞ்சம் வழிஞ்சிச்சு, நான்தான் தொடச்சேன். தொண்டை அசைஞ்சதைப் பாத்தேன். கண்ணைத் தொறந்தாரான்னு கேக்காதீங்க, தொறக்கல. ஆனா குடிச்சாரு.”

பொய்யை அவ்வளவு அளந்து சொன்னதற்கு அவளே ஆச்சரியப்பட்டாள். விஜயேந்திரன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ரூபினியின் பேனா நின்ற இடத்திலேயே நின்றது.

மேட்ரன் மறுபடி மலாயில் கேட்டார். மூச்சு இருந்ததா? நிச்சயமாகத் தெரியுமா? யோசித்துச் சொல்லுங்கள் என்று இரண்டாம் தடவை கேட்டதில் இரக்கம் இருந்தது. பன்னிரண்டு வருடம் பார்த்த கை அல்லவா? கருப்பாயி இருந்தது என்றாள். மூன்றாவது தடவை ரூபினி தமிழில் கேட்டாள், குரல் உடைந்தது. அதற்கும் இருந்தது என்றாள்.

விஜயேந்திரன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். மேட்ரன் தலையசைத்துவிட்டு, உங்கள் புகாரை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், டாக்டரின் உத்தரவை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது என்றார். அதுவும் நியாயம்தானே. நாளைக்கு இன்னொரு உதவியாளர் இன்னொரு நோயாளியின் வாயில் எதையாவது ஊற்றினால் யார் பொறுப்பு?

அரைமணி நேரம் வெளியே உட்காரவைத்தார்கள். உள்ளே கூப்பிட்டு ரூபினியைப் படிக்கச் சொன்னார்கள். இன்றோடு வேலைநீக்கம். அந்த நீள வார்த்தை இந்தக் கடிதத்தில் எங்கும் வரவில்லை. கடுமையான ஒழுங்கு மீறல் என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். கருப்பாயி கையெழுத்துப் போட்டாள். சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றினாள். ஊசி துணியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது, ரூபினி எடுத்துவிட்டாள். ரூபினிதான் அழுதாள்.

“ஏன் ஆன்ட்டி? எங்கிட்ட வேற மாதிரி சொன்னீங்களே?”

“உங்கிட்ட பொய் சொல்லலம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

முன்வாசலில் கார்கள் வந்து நிற்கிற இடத்தில் அன்னபாக்கியம் தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகன் காரை எடுத்துவரப் போயிருந்தார். கருப்பாயி பேசாமல் கடந்து போகப் பார்த்தாள். இப்போது யாருடைய ஆறுதலும் அவளுக்கு வேண்டாம்.

“பிள்ளை, இஞ்ச வா.”

போனாள். கிழவி நிமிர்ந்து பார்த்தார்.

“நீ உள்ளுக்குப் பொய் சொன்னனி.”

கருப்பாயி மகன் வந்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தாள்.

“நீ குனியேக்கையே அவர் போயிட்டார். அறுபது வருசம் அவற்ற மூச்சைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில படுத்தனான். நிண்டது எனக்குத் தெரியாதோ?”

“தெரியுமா? அப்ப... குடிக்கிறாரான்னு ஏம்மா கேட்டீங்க?”

“நீ ஓம் எண்டு சொல்லவேணும் எண்டுதான். தம்பியிட்டச் சொல்லுறதுக்கு எனக்கு ஒரு வார்த்தை வேணும். நானாச் சொன்னா அவன் நம்பமாட்டான், ஆறுதலுக்குச் சொல்லுறன் எண்டு நினைப்பான்.”

கருப்பாயிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்க ஆரம்பித்தது. மூன்று தடவை கேட்டார்களே உள்ளே. மூன்று தடவையும் இந்த அம்மாள் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டு அங்கேதானே உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு வேலை போச்சும்மா.”

“தெரியும்.”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருக்காது. தெரிஞ்சேதான் விட்டீங்களா?”

“ஓம்.” அவர் கண்ணில் நீர் இருந்தது, குரலில் இல்லை. “அவன் ரெண்டு கிழமையா ஒரு வாய் வடிவாச் சாப்பிடேல்ல. நித்திரை இல்லை. நீ சொன்ன உடனதான் அழுதவன். ரெண்டு பேரில ஒரு ஆளைத்தான் பாக்கலாம் எண்டா நான் என்ன செய்ய? அவன் என்ர பிள்ளை. நீ என்ர பிள்ளை இல்லையே.”

கருப்பாயிக்குக் கோபம் வந்தது, கண்மண் தெரியாத கோபம். அதைவிட அவமானமாக இருந்தது. ஒரு கூப்பிடுதலை நம்பி இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று இருந்தது. அதோ கார் வளைந்து வருகிறது. ஓட்டுகிறவரிடம் இப்போதுகூட இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அவர் உள்ளே ஓடிப் போய் மேட்ரனிடம் சொல்வார். அப்படிப்பட்ட ஆள்தான்.

விஜயேந்திரன் காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். வீங்கிய கண்ணோடு, தூங்கி எழுந்தவர் மாதிரி இருந்தார். கருப்பாயியைப் பார்த்ததும் கைகூப்பினார். “அக்கா, உங்களுக்கு நான் செய்தது சரியில்லை. எனக்குத் தெரிஞ்ச இடங்களில உங்களுக்கு வேலை கேட்டுப் பாக்கிறன், கட்டாயம் பாக்கிறன்.” பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, “அம்மா, பசிக்குது. போகேக்க எங்கையாவது சாப்பிடுவம்” என்றார்.

கிழவி மகனைப் பார்க்கவில்லை. கருப்பாயியைத்தான் பார்த்தார், வாயைத் திறந்துவிடுவாளோ என்ற பயத்தோடு. கருப்பாயி அந்தப் பயத்தைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தாள். அது அவளுக்குப் பாக்கி இருந்தது.

பிறகு குனிந்து, முழங்கைக்குக் கீழே கை கொடுத்து அவரை எழுப்பினாள். தலை இடிக்காமல் கார் கூரைக்குக் கீழே உள்ளங்கையை வைத்து உட்காரவைத்தாள். கால் இரண்டையும் தூக்கி உள்ளே வைத்தாள். ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்தாள். வெளியே தொங்கிய சேலைத் தலைப்பை எடுத்து மடியில் போட்டாள். கிழவி அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார். கருப்பாயி கையை இழுத்துக்கொண்டு, கதவைக் கொஞ்சம் ஓங்கியே சாத்தினாள்.